பஸ் தடத்தில் கொள்ளுக் கொடி

"…அப்பறம் நாளையிலேருந்து பஸ்சு வராமயே போச்சுன்னு வச்சுக்கங்க, இம்புட்டுக் கொடியையும் யாரு மாப்பிள்ளை மிதிக்கிறது? நீங்க மிதிப்பீகளா?"

இப்படிக் கேட்டவர் என் மாமனார். கேட்ட இடம் எங்கள் தெருவின் நடுவே, இரண்டு சுண்ணாம்புக் கோடுகளுக்கு இடையில். நேரம் காலை எட்டு மணி. கோடுகளுக்கு நடுவே தெரு முனையிலிருந்து ஊருணிக்கரை வரைக்கும் முழங்கால் உயரத்துக்குக் கொள்ளுக் கொடி பரப்பிக் கிடந்தது. எட்டேகாலுக்கு பஸ் வரும். அன்றைக்கு அதில் பஸ் முதலாளியின் செக்கரும் வருகிறார். பஸ்ஸுக்கென்று கோடு போட்ட அந்தத் தடம் சுத்தமாக இருந்தால் பஸ் இனி நிரந்தரமாக ஊருக்குள் வரும், இல்லையென்றால் அன்றோடு சரி. பஸ் நின்றால் என் மனைவியின் வேலையும் நின்றது. இவ்வளவும் தெரிந்த மனுஷர், அவளைப் பெற்ற தகப்பன், கையில் கொடி கிளறுகிற கவைக்கம்பை ஊன்றிக்கொண்டு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்த இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் கேட்கிறது. அதனால் அதை அப்படியே நிறுத்திவிட்டு, அந்தக் காலை எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகிற பஸ் எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நிற்கும். 'நிற்கும்' என்று பேச்சுக்குச் சொல்கிறேன். விலக்கிலிருந்து ஊருக்கு இரண்டு மைல், முழுக்கச் சரளைக் கல். நான் காரைக்குடியில் ஒரு கடையில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரேடியோவை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. திறந்து திறந்து பார்த்து, இரண்டு மூன்றைக் கெடுத்து, நானே பிடித்துக்கொண்ட தொழில். என் மனைவி என்னைவிடப் படித்தவள். டீச்சர் டிரெய்னிங் முடித்து, தேவகோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். என் மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள். அதனால் கல்யாணம் ஆன கையோடு நான் அவர் வீட்டிலேயே தங்கும்படி ஆனது. ஊரில் எனக்குப் பெயரே 'வீட்டோட மாப்பிள்ளை'தான். டீக்கடையில் சர்க்கரை கூடுதலாகப் போடச் சொன்னால்கூட, "மாமனாரக் கேட்டுட்டீகளா?" என்பார்கள். வீட்டோடு மாப்பிள்ளைக்கு வாய் பாதிதான் திறக்கும். இந்தக் கதையில் நான் பேச வேண்டிய இடத்திலெல்லாம் பேசாமல் நின்றதற்கு அதுதான் காரணம்.

காலையில் அவளை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து விலக்குக்கு மிதிப்பேன். பஸ் வரும். படிக்கட்டில் ஆள் தொங்கும். கண்டக்டர் நிறுத்தாமலே ஒரு கையை வெளியே நீட்டி, "பின்னால வெறும் வண்டி வருது, பின்னால வெறும் வண்டி வருது!" என்று கத்திக்கொண்டே போவார். அந்த வெறும் வண்டியை நான் ஆயுசில் ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கோ ஒரு பெரிய கொட்டகையில் அவையெல்லாம் வெறுமனே வரிசையாக நிற்கின்றன என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சர் ஒன்பதரை மணியடித்ததும் வருகைப் பதிவேட்டை மூடிவிடுவார். அப்புறம் வந்தால் சிவப்பு மை. நிரந்தர டீச்சர்களுக்கு சிவப்பு மை ஒரு திட்டு. தற்காலிக டீச்சருக்கு அதுவே வேலை போகிற நோட்டீஸ். இந்த லட்சணத்தில் அவள் முழுகாமல் இருந்தாள். மாமியார் என் சைக்கிளைக் காட்டி, "இந்தச் சரளையில இதுல அவளை ஏத்திக்கிட்டுப் போனீகன்னா, போற வழியிலயே பேறு பாத்துக்கிட வேண்டியதுதேன்" என்றார். அதோடு கேரியர் சவாரி முடிந்தது.

அப்போதுதான் மாமனார் எழுந்தார். அதையும் சொல்ல வேண்டும். மகளுக்காக அந்த மனுஷர் வெளுத்த வேட்டி கட்டி, மேல்துண்டு போட்டு, ஊரில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் போய் பஸ் முதலாளியின் ஆபீசில் நின்றார். நானும் கூடப் போனேன். பஸ் முதலாளி எடுத்த எடுப்பிலேயே கையை விரித்தார்.

"உங்க தெருவ நான் பாத்திருக்கேன்யா. அவுத்துப்போட்ட வண்டி ஒரு பக்கம், எரும ஒரு பக்கம், வெறகுக் கட்டு ஒரு பக்கம். மனுஷனே ஒருச்சாச்சுப் போகணும். பஸ்சு என்ன பாம்பா, நெளிஞ்சு போக?"

மாமனார் நெஞ்சில் கை வைத்தார். "முதலாளி, தெரு நடுவுல பஸ்சுக்குன்னே தனியா ஒரு தடம் விட்டுர்றோம். கோடு போட்டுத் தாரேன். அந்தக் கோட்டுக்குள்ள ஒரு கோழிக்குஞ்சு வந்துச்சுன்னா என்னைய என்னான்னு கேளுங்க."

மூன்று மாசம் சோதனையாக விடுவது என்று முடிவானது. நிபந்தனை ஒன்றே ஒன்று: தடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். முடிவில் செக்கர் வந்து பார்த்து எழுதிக் கொடுப்பார்.

கோடு போட்டவரும் அவரேதான். கயிற்றைப் பிடிக்க என்னை நிறுத்திவிட்டு, சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகத் தெரு முனையிலிருந்து பஸ் திரும்புகிற ஊருணிக்கரை வரைக்கும் குனிந்த முதுகை நிமிர்த்தாமல் இரண்டு கோடு இழுத்தார். ஊரே கூடி நின்று பார்த்தது. 'பஸ் தடம்' என்று அதற்குப் பெயரும் விழுந்தது.

முதல் இரண்டு வாரம் அந்தத் தடத்துக்குக் கிடைத்த மரியாதை கோயில் பிராகாரத்துக்குக்கூடக் கிடைத்ததில்லை. தினமும் பெருக்கினார்கள். தண்ணீர் தெளித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ கோலமும் போட்டார்கள். தடத்தில் நடந்த ஆளை, "ஏய், ஒதுங்கிப் போ, பஸ்சு வார எடம்" என்று அதட்டினார்கள். டிரைவர் பாய்கூடத் தப்பவில்லை. ஒரு நாள் முன் சக்கரம் கோட்டைத் தாண்டிவிட்டது என்று ஒரு கிழவர் தடியோடு வந்து, "பாய், உங்களுக்குன்னு போட்ட கோடு இது. அதுக்குள்ளயே வாங்க" என்று புகார் சொன்னார். பாய் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தார். அவருக்கு மேலூர்ப் பக்கம். நாற்பது வயசு இருக்கும். எதையும் ஒரு சிரிப்போடு சொல்கிறவர். அந்தச் சிரிப்பு மூன்று மாசத்தில் எப்படித் தேய்ந்தது என்பதற்கு நான் சாட்சி.

வினையே அந்தச் சுத்தத்தில்தான் இருந்தது. ஆள் நடக்காத, மாடு மிதிக்காத, கூட்டிப் பெருக்கிய இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? முதலில் ஒரு வீட்டு வடகம் வந்தது, ஒரு பழம்புடவை அகலத்துக்கு. "பஸ்சு வாரதுக்குள்ள எடுத்துருவேன்" என்றார் அந்த அம்மா. எடுத்தும் விட்டார். அடுத்த நாள் மிளகாய் வற்றல். அப்புறம் நெல். பத்தே நாளில் பஸ் தடம் காயப்போடுகிற தடமாக ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு பஸ் நாலு தடவை வரும். நாலு தடவையும் தெருவே அள்ளும், நாலு தடவையும் தெருவே திரும்பப் பரப்பும். பஸ் கால்மணி நேரம் தாமதமாக வந்தால், அள்ளிவைத்துக்கொண்டு நின்றவர்கள் பாயைப் பிடித்துக்கொண்டார்கள்: "என்ன பாய், இம்புட்டு நேரமா மொளகாயை அள்ளி வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கோம். வெயில் வீணாப் போகுதுல்ல? டயத்துக்கு வரக்கூடாதா?"

பாய் என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, இது ரோடா, எங்க வீட்டு மொட்டமாடியா? சொல்லிட்டீகன்னா அதுக்குத் தக்கன ஓட்டுறேன்" என்றார்.

நான் மாமனாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பெருங்கோபத்தோடு தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாகத் திட்டிவிட்டு வந்தார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் ஒரு மரியாதையே வந்தது. அது கொள்ளு அறுக்கிற வரைக்கும் நீடித்தது.

தை பிறந்து கொள்ளு அறுத்தார். எங்கள் வீட்டுக் களம் தெருவை ஒட்டியேதான் இருக்கிறது. சுற்றிலும் கருவேல முள்வேலி, இரண்டு முனையிலும் வண்டி போய்வர முள் படல், தெரு நீளத்துக்கு நீண்ட களம். மாமியார் சாணி போட்டு மெழுகி மெழுகி அது பாய் விரித்த மாதிரி இருக்கும். மாமனாருக்கு அது களமில்லை, சாமி அறை. கல்யாணமான புதிதில் நான் தெரியாமல் செருப்புக் காலோடு உள்ளே நுழைந்துவிட்டேன். அவர் திட்டவில்லை. "மாப்பிள்ளை, செருப்பு" என்று மட்டும் சொன்னார். சொன்ன விதத்தில் நான் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால்கூட அவர் களத்தைக் கொடுக்க மாட்டார்.

அறுத்த கொடியை அங்கே பரப்பி மாட்டைப் பூட்டிச் சுற்றவிட்டால் இரண்டு நாளில் கொள்ளு உதிர்ந்துவிடும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இவருக்கு பஸ் சக்கரம் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு காலை நான் எழுந்து வந்து பார்க்கிறேன், களம் காலி. நாய் ஒன்று நடுக்களத்தில் சுகமாகத் தூங்குகிறது. கொடி முழுக்க பஸ் தடத்தில் கிடக்கிறது.

"என்ன மாமா இது?"

"பஸ்சு வரட்டும், பாருங்க. நாலு சக்கரம் ஒரு ஏறு ஏறி, ஒரு எறங்கு எறங்குச்சுன்னா போதும். மாடு ரெண்டு நாளு மிதிக்கிறத அது ரெண்டு நிமிசத்துல மிதிச்சுப்புடும்."

"நீங்கதானே கோழிக்குஞ்சு வந்தாக்கூட என்னை என்னான்னு கேளுங்கன்னு சொல்லிட்டு வந்தீங்க?"

"கோழிக்குஞ்சுன்னா பஸ்சுல அடிபட்டுச் செத்துப்போகும் மாப்பிள்ளை. இது கொடி. இதுக்கு என்ன ஆகப் போகுது?"

கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸுக்குத்தான் ஆனது. கொள்ளுக் கொடி சும்மா மிதிபட்டுக் கிடக்கிற சாதியில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றும். ஊருணிப் பக்கம் பஸ் போய்ச் சேர்வதற்குள் அச்சைச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டது. பாய் இறங்கி, சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, கதிரறுவாளோடு பஸ்ஸுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து அரைமணி நேரம் அறுத்தார். மாமனார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "மெதுவா அறுங்க பாய், மணி சிந்துது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி பையும் தூக்குச்சட்டியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு சிவப்பு மை.

பாய் வெளியே வந்து உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உங்க மாமனாரு எங்க முதலாளிக்கும் மேல. சம்பளம் குடுக்காமயே என்கிட்ட வேலை வாங்குறாரு."

அதற்கப்புறமும் அடங்கினாரா? மெல்லிசாகப் பரப்பினால் சுற்றாது என்று அவரே ஒரு கண்டுபிடிப்பு கண்டுபிடித்து, மெல்லிசாகப் பரப்பினார். மெல்லிசாகச் சுற்றிக்கொண்டது. இரண்டாம் சிவப்பு மை. பெரிய டீச்சர் என் மனைவியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவள் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அழவில்லை, சண்டை போடவில்லை. அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, "அப்பா, எனக்கு வேலை வேணுமா, உங்களுக்குக் கொள்ளு வேணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க" என்றாள்.

"இதென்ன கேள்வி? ரெண்டுந்தேன்" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

சோதனையின் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் பாய் பஸ்ஸை நிறுத்தி எங்களை அழைத்தார். முகத்தில் சிரிப்பில்லை. "நாளைக்குக் காலம்பற செக்கர் வாராரு. தடத்துல ஒரு பொருள் கெடந்துச்சுன்னா வண்டியத் தெரு முனையிலேயே திருப்பச் சொல்லிருவாரு. அப்பறம் என்னையக் குத்தம் சொல்லாதீக." மாமனார் தலையை ஆட்டி, "ஆகட்டும் பாய், ஆகட்டும்" என்றார். நான் நம்பினேன். அந்த வீட்டில் ஒன்றரை வருஷம் இருந்தும் அந்த 'ஆகட்டும்' என்பதை நம்பியது என் தப்பு. அந்த வார்த்தைக்கு அவரிடத்தில் 'காதில் விழுந்தது' என்பதற்கு மேல் ஒரு அர்த்தமும் கிடையாது.

காலையில் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தால், இதுவரை போட்டதெல்லாம் வெறும் விளையாட்டு என்கிற மாதிரி, மிச்சமிருந்த கொடி அத்தனையும் தடத்தில் கிடக்கிறது. நாலு வண்டிக் கொடி இருக்கும். "அவரே போட்டுட்டாருல்ல" என்று மற்றவர்களும் அவர் விட்ட இடத்தில் நெல்லைக் கொட்டிவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் கேட்டதற்கு அவர் நிதானமாகச் சொன்ன விளக்கத்தின் கடைசிப் பாதியைத்தான் முதலில் எழுதினேன். முதல் பாதி இது: செக்கர் என்ன எழுதுவாரோ யாருக்குத் தெரியும். ஒருவேளை பஸ் நின்றே போகலாம். அப்படி நின்றுபோனால் இதுதான் கடைசி பஸ். அதனால் இருக்கிற கொடியை எல்லாம் இன்றைக்கே மிதிக்கவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அவர் இதைப் போட்டதால்தான் பஸ் நிற்கப்போகிறது என்பதை அந்தத் தலைக்குள் எந்த வாசல் வழியாக நுழைப்பது?

"எடுப்போம் மாமா. நான் ஒரு பக்கம் அள்ளுறேன்" என்று குனிந்தேன்.

"தொடாதீக! நல்லாக் காஞ்சு கெடக்கு. கை வச்சா நெத்து வெடிச்சு அம்புட்டும் மண்ணுல போயிரும்."

எதிர்வீட்டுக்காரரிடம் ஓடினேன். "நெல்லையாவது அள்ளுங்கண்ணே."

"உங்க மாமனார மொதல்ல அள்ளச் சொல்லுங்க. அவரு அள்ளட்டும், நாங்க ஒரு நிமிசத்துல அள்ளிருவோம்."

அடுத்த வீட்டிலும் அதே பதில். தெரு முழுக்க ஆளாளுக்குக் கையில் முறத்தோடும் கூடையோடும், அடுத்தவர் முதலில் குனியட்டும் என்று நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். என் மனைவி வாசலில் பையோடும் தூக்குச்சட்டியோடும் நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"விடுங்க" என்றாள் என்னிடம். "அவுக கொடி அவுகளுக்கு. நான் விலக்குக்கு நடந்துர்றேன்."

"ரெண்டு மைல் நடந்து போனாலும் அங்க நிக்காம, பின்னால வெறும் வண்டி வருதும்பான்."

"அப்ப அந்த வெறும் வண்டியிலயே போறேன்" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் தண்ணீர் இருந்தது. மாமனாரும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். கவைக்கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

கண்மாய் வளைவில் ஹாரன் கேட்டது.

தெருவில் ஒருவரும் அசையவில்லை. பஸ் தெரு முனைக்கு வந்து, கொடிக்கு நாலடி முன்னால் நின்றது. பாய் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் காக்கிக் கோட்டு போட்ட ஒரு தலை ஜன்னல் வழியே வெளியே வந்து, தெருவின் நீளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனது. பையிலிருந்து நோட்டை எடுப்பது தெரிந்தது. தெரு முனைக்குப் போய்விட்ட என் மனைவி பஸ்ஸின் மூக்குக்கு நேரே, ஏறுவதா நடப்பதா என்று தெரியாமல் நின்றாள். பாய் பின்னால் போகிற கியரைப் போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"பாய், பாய், பொறுங்க!" என்று கத்திக்கொண்டு மாமனார் ஓடினார்.

கொடியை அள்ளத்தான் ஓடுகிறார் என்று நானும் பின்னால் ஓடினேன். அவர் கொடியை ஒரு இணுக்குகூடத் தொடவில்லை. மிதிக்காமல் ஓரமாகவே ஓடி, களத்து முனைக்குப் போய், முள் படலைக் கவைக்கம்பால் நெம்பித் தூக்கித் தூர எறிந்தார். வண்டி போகிற வாசல் பஸ்ஸுக்குப் பத்தாது என்று பட்டதும், பக்கத்து வேலியையும் குத்திக் குத்திப் பெயர்த்தார். கையில் முள் கீறி ரத்தம் வந்தது. மறுமுனைப் படலையும் எடுக்கச் சொல்லி என்னைப் பார்த்துக் கத்தினார். அப்புறம் வேலியோரம் நின்று, பழக்கப்படி செருப்பு இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தோள் துண்டை உருவிக் கையில் பிடித்து வீசிக்கொண்டு, "இங்குட்டு வாங்க பாய், இங்குட்டு! தடம் காலியாத்தேன் கெடக்கு, இங்குட்டு வாங்க!" என்று மெழுகின களத்தின் நடுவே, பஸ்ஸைப் பார்த்தபடி, வெறுங்காலோடு பின்னுக்கு நடந்தார்.